புரோகிதர் இல்லாத மணமேடை: சுயமரியாதைத் திருமணமும் சட்டமும், 1928–2023

1953ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு, தமிழகத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த பலரை, சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்களாக ஆக்கியது. சட்ட உலகில் அது தெய்வானை ஆச்சி வழக்கு எனப்படும். 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லுமா என்பதே கேள்வி. அந்தத் திருமணம் இந்து சாத்திரங்கள் சொல்லும் முறையிலும் நடக்கவில்லை, வழக்காறு என்று ஏற்கும் அளவுக்கு அந்த முறைக்குப் பழமையும் இல்லை, ஆகவே செல்லாது என்றனர் நீதிபதிகள். வழக்காறு என்றால் அது நெடுங்காலமாக இடையறாது பின்பற்றப்பட்டிருக்க வேண்டும். கால் நூற்றாண்டு வயதே ஆன ஒரு முறை அந்த அளவுகோலில் தேறவே முடியாது.

தீர்ப்பின் தருக்கத்தில் பிழை காண்பது கடினம். அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையே பார்க்க வேண்டும். கணவனுக்கு அதனால் பெரிய இழப்பில்லை. மனைவியின் சீவனாம்சமும் பிள்ளைகளின் சொத்துரிமையும்தான் கேள்விக்குறியாயின. ஒரு சமூக வழக்கம் மாறும்போது மக்கள் முன்னே போக, சட்டம் பின்னால் வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அந்த இடைவெளியில் சிக்கித் தவித்தவர்கள் பெண்கள் என்பது இந்த வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை. சுயமரியாதைத் திருமணத்தின் எந்தப் பகுதியைத் தமிழ்ச் சமூகம் ஏற்றது, எதை இன்றுவரை ஏற்க மறுக்கிறது என்ற கேள்வியும் அப்படித்தான். இக்கட்டுரை இந்த இரண்டையும் பின்தொடர்கிறது.

தொடக்கத்தை 1928இல் வைப்பது வழக்கம். அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் அவ்வாண்டு நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சுயமரியாதை இயக்க வரலாறு சொல்கிறது. மறு ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, திருமணத்தைப் பற்றி நிறைவேற்றிய தீர்மானங்கள் இன்று படித்தாலும் துணிச்சலானவை. பெண்ணின் மணவயது 16க்கு மேல் இருக்க வேண்டும். மணவிலக்கு உரிமை வேண்டும். கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம். சாதி பாராமல் துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. அதே ஆண்டு இயற்றப்பட்ட சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்று வைத்ததற்கே நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய காலம் அது.

தீர்மானம் போட்டதோடு இயக்கத்தார் நிற்கவில்லை. 1929 டிசம்பரில் குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதி கடந்து மணந்தனர். 1930 மேயில், ஈரோட்டில் இரண்டாவது மாகாண மாநாடு நடந்த அதே மாதத்தில், சாமி சிதம்பரனார் கைம்பெண்ணான சிவகாமியை மணந்தார். இத்தகைய மணங்களின் செய்திகள் ‘குடிஅரசு’ இதழில் வாரந்தோறும் வந்தன. எந்த ஊர், யார் தலைமை, யார் யார் பேசினார்கள் என்ற விவரங்களோடு வந்த அந்தச் செய்திகளே அடுத்த ஊரில் அடுத்த திருமணத்துக்குத் துணிவு கொடுத்தன.

அந்த மணமேடையைச் சற்று அருகில் பார்ப்போம். ஓமகுண்டம் இல்லை, அம்மி மிதிப்பது இல்லை, அருந்ததி காட்டுவது இல்லை. மணமக்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, கூட்டத்துக்கு இருப்பதுபோல் ஒரு தலைவர். மணமகன் உறுதிமொழி சொல்வான், மணமகளும் வாய்திறந்து சொல்வாள், பிறகு மாலை மாற்றிக்கொள்வார்கள். சடங்கு அவ்வளவே. அதன் பிறகு வாழ்த்துரைகள். பெண்ணடிமை, சாதி, வீண்செலவு, மூடநம்பிக்கை என்று அவை மணிக்கணக்கில் நீளும். வேண்டுமென்றே இராகுகாலத்தில் வைத்த திருமணங்கள் உண்டு; பஞ்சாங்கம் ஆகாது என்று ஒதுக்கிய மாதங்களில் வைத்தவையும் உண்டு. சமையற்கட்டை விட்டு வெளியே வராத பெண்கள், பந்தலில் உட்கார்ந்து அரசியல் பேச்சைக் கேட்கக் கிடைத்த முதல் வாய்ப்பு பலருக்கு உறவினர் வீட்டுக் கல்யாணமாகவே இருந்திருக்கும். கட்சிக் கூட்டத்துக்குப் போகாதே என்று தடுக்கலாம், தாய்மாமன் மகள் கல்யாணத்துக்குப் போகாதே என்று எப்படித் தடுப்பது?

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. திருமணம் ஒரு சமஸ்காரம், ஒப்பந்தமாக அதைக் குறைக்கலாகாது என்றனர் சனாதனிகள். பார்ப்பனப் புரோகிதர் வேண்டாம் என்பதில் உடன்பட்ட சைவ அறிஞர்கள், கடவுளும் வேண்டாம் என்பதை ஏற்கவில்லை. தேவாரம் பாடித் தமிழில் நடத்தலாமே என்றனர். இயக்கத்துக்குள்ளேயே தாலி பற்றி ஒருமித்த கருத்து இருக்கவில்லை. தாலி அடிமைச் சின்னம் என்று பெரியார் இடைவிடாது பேசிவந்தார். ஆயினும் தொடக்ககாலத் திருமணங்கள் பலவற்றில் தாலியும் கட்டப்பட்டது. தாலி இல்லாமல் மகளை அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்ற தாயின் அச்சத்துக்கு மேடைப் பேச்சால் மட்டும் பதில் சொல்லிவிட முடியவில்லை.

சுயமரியாதைக்காரர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருக்கலாமே என்ற கேள்வி எழலாம். 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், மணமக்கள் தாம் இந்து முதலிய எந்தச் சமயத்தையும் சேர்ந்தவர் அல்லர் என்று எழுதித் தரச் சொன்னது. 1923 திருத்தம் அதைத் தளர்த்தினாலும், அச்சட்டப்படி மணந்த இந்து கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்பட்டார். ஆரிய சமாஜத்தார் தம் திருமணங்களுக்கு 1937இல் தனிச் சட்டமே பெற்றுவிட்டனர். சுயமரியாதைக்காரர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. 1955இல் வந்த இந்து திருமணச் சட்டமும் கைகொடுக்கவில்லை. மணமக்களில் ஒருவரது வழக்காற்றுச் சடங்குகளின்படி திருமணம் நடக்க வேண்டும் என்றது அதன் 7ஆம் பிரிவு. வழக்காறு இல்லை என்றுதான் உயர் நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டதே.

வியப்பு என்னவென்றால், தீர்ப்புக்குப் பிறகும் இத்திருமணங்கள் நிற்கவில்லை. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் ஊர் ஊராக நடத்திக்கொண்டே இருந்தன. செல்லாது என்று தெரிந்தே மேடையேறியவர்கள் அவர்கள். சட்டத்தைவிடச் சபையை நம்பினார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானார். அவ்வாண்டே இந்து திருமண (சென்னைத் திருத்த) மசோதா பேரவையில் நிறைவேறியது. 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. இப்படி வந்தது 7-ஏ பிரிவு. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் எந்த மொழியிலும் சொல்லலாம்; மாலை மாற்றலாம் அல்லது மோதிரம் அணிவிக்கலாம்; தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்று போதும். முதல் வரைவில் தாலியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று இருந்ததாகவும், பெரியார் சொன்ன பிறகே அது விருப்பத்துக்கு விடப்பட்டதாகவும் திராவிட இயக்கத்தார் எழுதியிருக்கிறார்கள். இச்சட்டத்தின் ஆகப் பெரிய அறம் அதன் முன்தேதியிட்ட பயனில்தான் இருக்கிறது. அதற்கு முன் இம்முறையில் நடந்த திருமணங்களும் செல்லும், அப்பெற்றோரின் பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகளே என்றது. சில விலக்குகள் உண்டு என்றாலும், 40 ஆண்டுகளாக நிலவிய நிச்சயமின்மை ஒரு சட்டத்தில் தீர்ந்தது.

பிரிவின் முழுப் பயன், அதை இயற்றியவர்கள் எண்ணிப்பார்த்திராத ஓர் இடத்தில் வெளிப்பட்டது. முதல் மனைவி இருக்க இரண்டாவது மணம் செய்த ஆணைத் தண்டிக்க வேண்டுமானால், அந்த இரண்டாவது திருமணத்தில் இன்றியமையாத சடங்குகள் முறைப்படி நடந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1965இல் சொல்லியிருந்தது. தாலி கட்டினேன், ஆனால் ஏழடி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே அல்ல என்று சொல்லித் தப்பிக்க இது வழிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன நாகலிங்கம் வழக்கில், 2001இல், உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 7-ஏ நடைமுறையில் உள்ள மாநிலத்தில் சப்தபதி எனும் அந்த ஏழடி கட்டாயமில்லை, ஆகவே இரண்டாவது மணம் நடந்தது நடந்ததே, குற்றமும் குற்றமே என்றது. 1953இல் சடங்கு இல்லை என்ற காரணம் ஒரு பெண்ணின் மணவாழ்வைச் செல்லாததாக்கியது. 2001இல் அதே காரணத்தைச் சொன்ன ஆணுக்குத் தப்பிக்க இடம் கிடைக்கவில்லை. பெண்ணுரிமை நோக்கில், 7-ஏ பிரிவின் மதிப்பை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், பரவலாக ஏற்கப்பட்டது எது? சீர்திருத்தத் திருமணம் என்ற பெயரில் தலைவர்களின் தலைமையில் நடக்கும் மணங்கள் தமிழ்நாட்டில் சாதாரணமாயின. எதிர்க்கட்சிக்காரரின் கல்யாணமும் அப்படி நடக்கும். ஐயர் வராதது யாரையும் உறுத்துவதில்லை. செங்கற்பட்டுத் தீர்மானத்தின் மற்றொரு பாதியான, சாதி பாராமல் துணையைத் தேர்தல், இந்த அளவுக்குப் பரவவில்லை. 2011–12இல் எடுக்கப்பட்ட இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி நாடு முழுவதும் சாதி மறுப்புத் திருமணங்கள் 100க்கு 5 அளவே. பகுத்தறிவு மேடையில் நடக்கும் பல திருமணங்களிலும் மணமக்கள் ஒரே சாதி, பெற்றோர் பேசி முடித்த சம்பந்தம். மந்திரத்தை விடுவதால் எந்தக் குடும்பத்தின் நிலமும் கைமாறுவதில்லை, உறவும் அறுவதில்லை. மகள் தன் விருப்பப்படி வேற்றுச் சாதியில் மணந்தால் இரண்டுமே ஆட்டம் காணும். சடங்கு மாற்றத்தைச் சமூகம் எளிதில் விழுங்கிக்கொண்டதற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு.

2012 நவம்பரில் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அந்நாட்களில் மேடைகளில் முழங்கிய பேச்சு எந்தச் சடங்கையும் பற்றியதல்ல. ‘நாடகக் காதல்’ என்ற குற்றச்சாட்டும், பெண்ணின் திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்ற கோரிக்கையும் தேர்தல் அரசியலுக்குள் வந்தன. சாதி மறுப்பு மணத்துக்கு அரசே நிதியுதவி தரும் மாநிலத்தில் இது நடந்தது.

இந்தச் சூழலில்தான் 7-ஏ மீண்டும் நீதிமன்றம் ஏறியது. வீட்டை விட்டு வெளியேறிய இணையர் பலர், வழக்கறிஞர் அறையில் மாலை மாற்றிக்கொண்டனர். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு; பெயரும் முகவரியும் பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படும். துரத்தப்படும் இணையருக்கு அந்த 30 நாள் உயிராபத்து. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அறைகளில் மறைவாக நடப்பவை திருமணம் நிகழ்த்துவதாகாது, ஊரறியச் செய்வதே திருமணம் என்ற நிலையை எடுத்தது. பணத்துக்காகப் போலிச் சான்று தந்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. நீதிமன்றத்தின் கவலை அதிலிருந்தே பிறந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு மெய்யான இணையரின் வழியையும் சேர்த்தே அடைத்தது.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. குடும்ப எதிர்ப்புக்கோ ஆபத்துக்கோ அஞ்சும் இணையர் ஊரறிய அறிவிக்க முடியாமல் போகலாம், அவர்களை அப்படிக் கட்டாயப்படுத்தினால் உயிருக்கே ஊறு வரலாம், 7-ஏ அத்தகைய பொது அறிவிப்பைக் கேட்கவில்லை என்றது. வழக்கறிஞரும் நண்பராகவோ உறவினராகவோ சமூக ஆர்வலராகவோ முன்னிருந்து நடத்தலாம். ஆயிரம் பேர் கூடிய பந்தலில் பிறந்த ஒரு திருமண முறை, ஓர் அறையில் நான்கைந்து பேர் முன்னிலையில் நடந்தாலும் செல்லும் என்று காப்பாற்றப்பட வேண்டியதாயிற்று. அந்தப் பந்தலை இந்த இணையருக்கு மறுத்தது சட்டமன்று. அவர்களது சொந்த வீட்டாரும் ஊராருமே.