சுத்திகரித்த நீரால் கலங்கிய ஏரி: சியாட்டில் நகர விரிவும் வாஷிங்டன் ஏரியின் நீர்த்தரமும்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகருக்குக் கிழக்கே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது வாஷிங்டன் ஏரி. பரப்பு ஏறத்தாழ 88 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் 33 மீட்டர். 1960களின் தொடக்கத்தில் கோடை வந்தால் இதன் கரையோரம் பாசி ஒதுங்கி அழுகி நாறியது. நீரில் இறக்கிய வெள்ளைத் தட்டு ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே கண்ணுக்கு மறைந்தது. 1970களின் பிற்பாதியில் அதே ஏரியில் அதே தட்டு ஏழு மீட்டர் ஆழம் வரை தெரிந்தது.

ஏரியியல் பாடநூல்கள் இம்மீட்சியை அறிவியலின் வெற்றியாகச் சொல்கின்றன. அது முழுக் கதையாகாது. எதை மாசு என்று கருதுவது என்ற புரிதல் இந்த ஏரிக்கரையில் சில பதிற்றாண்டுகளுக்குள் அடியோடு மாறியது. அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்க ஊர் எல்லைகளைத் தாண்டிய ஓர் ஆட்சியமைப்பைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. புரிதலும் அமைப்பும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கைகூடியதே ஏரியைக் காத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிருமியைக் கண்டு அஞ்சிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சியாட்டிலின் சாக்கடைகளில் ஒரு பகுதி நேராக ஏரியில் விழுந்தது. அன்றைய பொறியாளர்களின் கவலையெல்லாம் நோய்க்கிருமியைப் பற்றியது. 1936க்குள் நகரம் தன் கழிவுநீரில் பெரும்பங்கைப் பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழிக்குத் திருப்பிவிட்டது. சிக்கல் தீர்ந்ததாகவே கருதப்பட்டது.

இக்காலத்து நிகழ்வுகள் இரண்டு பின்னாளில் பெரிதும் உதவின. குடிநீருக்காக நகரம் 1901 முதல் சீடார் ஆற்றை நம்பியிருந்ததால், அதன் மலைப்பகுதி நீர்ப்பிடிப்பைக் காடாகவே காத்துவந்தது. ஏரியைக் கடலோடு இணைக்கும் கப்பல் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் அந்த ஆறு ஏரிக்குள் திருப்பிவிடப்பட்டது. அதுமுதல் ஏரிக்கு வரும் நீரில் பாதியளவு, சத்துக் குறைந்த இந்தத் தெளிநீர்தான். மற்றொன்று, 1933இல் விக்டர் ஷெஃபர், ரெக்ஸ் ராபின்சன் ஆகியோர் ஏரியின் உப்புகளையும் உயிரிகளையும் அளந்து வைத்தது. அப்போது ஏரிக்கு எந்த நெருக்கடியும் இல்லை. அந்த அளவுகள் இல்லாதிருந்தால், ஏரி கெட்டுவிட்டது என்ற வாதத்தைப் பின்னாளில் எண்களால் நிறுவியிருக்க முடியாது. இவ்வரலாற்றில் மிகக் குறைவாகப் போற்றப்பட்ட பணி இதுவே என்பேன்.

பாலம் கொண்டுவந்த குடியேற்றம்

1940இல் ஏரியின் குறுக்கே மிதவைப் பாலம் திறக்கப்பட்டது. போருக்குப்பின் கிழக்குக் கரையில் வீட்டுமனைகள் பெருகின. பெல்வியூ 1953இல் தனி நகராட்சியானது. ஒவ்வொரு குடியிருப்பும் தனக்கெனக் கழிவுநீர் ஏற்பாடு செய்துகொண்டது. 1941 முதல் 1950களின் முற்பாதிக்குள் பத்துச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பின்னர் இன்னொன்று சேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அவற்றிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடி லிட்டர் நீர் ஏரியில் கலந்தது.

அந்த நிலையங்களைக் குறைசொல்ல முடியாது. அக்காலத்து அளவுகோலின்படி அவை தம் வேலையைச் செய்தன. கழிவிலிருந்த கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைத்தன. குளோரின் கிருமிகளைக் கொன்றது. ஆனால் சிதைந்த பொருளிலிருந்த பாஸ்பரஸ், நம் உழவர்கள் மணிச்சத்து என்பார்களே அதே தனிமம், நீரில் கரைந்த நிலையிலேயே வெளியேறியது. பாசி எளிதில் உண்ணும் வடிவமும் அதுதான். மனிதக் கழிவோடு, புதிதாய்ப் பரவிய சலவைத்தூள்களின் பாஸ்பேட்டும் சேர்ந்தது. 1960களின் நடுவில் ஏரிக்கு வந்த பாஸ்பரஸில் ஏறத்தாழ முக்கால் பங்கு கழிவுநீரின் வழியே வந்தது. கிருமிக் கணக்கில் தேறிய நீர், சத்துக் கணக்கில் உரநீராக இருந்தது.

ஒரு பாசியின் எச்சரிக்கை

1955 கோடையில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏரிநீரில் ஆசிலட்டோரியா ரூபெசன்ஸ் என்னும் இழைப்பாசியைக் கண்டனர். பேராசிரியர் டபிள்யூ. டி. எட்மண்ட்சனுக்கு இது பழைய செய்தியொன்றை நினைவூட்டியது. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரியில் இதே பாசி 1898இல் தலைகாட்டியது; அதற்குப்பின் அவ்வேரி சீர்கெட்டது. கரையோர ஊர்களின் கழிவால் கெட்ட ஏரிகளை ஏரியியலாளர் ஆர்தர் ஹாஸ்லர் 1947இல் தொகுத்து எழுதியிருந்தார். வாஷிங்டன் ஏரியின் கண்டுபிடிப்பு 1956இல் கட்டுரையாக வெளிவந்தது.

அதே ஆண்டுகளில் ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வழக்கறிஞர், பெருநகரச் சிக்கல்களைத் தனித்தனி ஊராட்சிகளால் தீர்க்க இயலாது என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். எட்மண்ட்சன் அவருக்குக் கடிதம் எழுதினார். மக்கள் கேட்கக்கூடியவற்றை வினாவும் விடையுமாக அடுக்கி, சத்துகள் தொடர்ந்து வந்தால் பாசி பெருகும், நிறுத்தினால் ஏரி தேறும் என்று விளக்கினார். நீர் இன்னும் ஓரளவு தெளிவாக இருந்தபோதே இதைச் சொல்லத் துணிவு வேண்டும். கணிப்பு பொய்த்திருந்தால் மொத்தப் பழியும் அவர்மேல் விழுந்திருக்கும்.

மாநிலச் சட்டமன்றம் 1957இல் பெருநகர வாரியத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. நகரத்திலும் அதற்கு வெளியிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும் என்பது விதி. 1958 மார்ச்சில் கழிவுநீர், போக்குவரத்து, நகரத் திட்டமிடல் மூன்றையும் சேர்த்து வாக்கெடுப்பு நடந்தது. சியாட்டில் ஏற்றது, வெளிப்பகுதி மறுத்தது. பெரிய நகரம் தங்களை விழுங்கிவிடும் என்ற அச்சம் சிற்றூர்களுக்கு இருந்தது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. எல்லிஸ் குழுவினர் எல்லையைச் சுருக்கினர். கழிவுநீர் ஒன்றையே பொறுப்பாக வைத்தனர். அந்தக் கோடையின் வெப்பமும் பாழ்பட்ட குளிக்கும் துறைகளும் மக்கள் மனத்தை அசைத்தன. செப்டம்பரில் ‘மெட்ரோ’ எனப்பட்ட அவ்வாரியத் திட்டம் இரு பகுதிகளிலும் வென்றது. மாதம் இரண்டு டாலர் அளவிலான கட்டணத்தைக் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன.

திருப்பமும் விளைவும்

1963இல் தொடங்கிக் கழிவுநீர் கட்டம் கட்டமாக ஏரியைச் சுற்றிய பெருங்குழாய்களுக்குள் திருப்பப்பட்டது. ரென்டனிலும் கடற்கரையில் வெஸ்ட் பாயின்டிலும் பெரிய நிலையங்கள் எழுந்தன. 1968இல் கடைசி வடிகாலும் மூடப்பட்டது. உச்சத்தில் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவிருந்த பாஸ்பரஸ், 1970களின் நடுவில் 20ஐ ஒட்டி இறங்கியது.

இந்த இறக்கத்துக்கு உலகளாவிய பொருள் உண்டு. பாசிப் பெருக்கத்துக்குக் காரணம் பாஸ்பரஸா, நைட்ரஜனா, கரிமமா என்ற விவாதம் அப்போது சூடாக நடந்தது. சலவைத்தூள் தொழிலுக்கு அதில் நேரடி அக்கறை இருந்தது. வாஷிங்டன் ஏரியில் நைட்ரேட் அவ்வளவாகக் குறையவில்லை, பாஸ்பரஸ் சரிந்தது, பாசியும் அதன் கூடவே சரிந்தது. 1970இல் ‘சயின்ஸ்’ இதழில் எட்மண்ட்சன் இதை வெளியிட்டார். ஆய்வுக்கூடக் குடுவையில் கிடைக்காத சான்றை ஒரு முழு ஏரி தந்தது.

1976இல் எதிர்பாராத திருப்பம் ஒன்று நேர்ந்தது. டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு பெருகி, பாசியை வடிகட்டித் தின்றது. நீர் முன்பு அளந்த எக்காலத்தையும்விடத் தெளிந்தது. டாஃப்னியாவை வேட்டையாடிய சிற்றிறால் போன்ற நியோமைசிஸ் ஏற்கெனவே குறைந்திருந்தது. டாஃப்னியாவின் உணவெடுப்பை இடறிய ஆசிலட்டோரியா இழைகளும் அவ்வாண்டோடு மறைந்தன. கழிவுநீரைத் திருப்பியது மட்டுமே இத்தெளிவைத் தந்தது என்று எழுதுவோர் இதை விட்டுவிடுகின்றனர்.

இம்மீட்சிக்கு ஏரியின் இயல்பும் துணைநின்றது. நீர் சுமார் மூன்றாண்டுக்குள் புதுப்பிக்கப்படுகிறது. ஆழத்தில் உயிர்வளி முற்றிலும் அற்றுப்போகவில்லை. ஆகவே அடிவண்டலில் சேர்ந்த பாஸ்பரஸ் பெருமளவில் திரும்பக் கரையவில்லை. ஆழம் குறைந்த ஏரிகளில் வண்டலே பல ஆண்டுகள் உரமூட்டிக்கொண்டிருக்கும். கடலுக்குத் திருப்பியது இறுதித் தீர்வும் அன்று; வெஸ்ட் பாயின்ட் நிலையத்தில் இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பு 1990களின் நடுவில்தான் வந்தது.

கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சமாமிஷ் ஏரி இந்த வரம்புகளைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கும் 1968இல் கழிவுநீர் திருப்பப்பட்டது. பாஸ்பரஸ் வரத்தில் மூன்றிலொரு பங்கே குறைந்தது. கோடையில் அடிநீரில் உயிர்வளி தீர்ந்துபோகும் அவ்வேரி மெதுவாகவே தேறியது. எஞ்சிய பாஸ்பரஸ் ஓடைகளின் வழியே நிலத்திலிருந்து வருவது. காடு வீட்டுமனையாகும்தோறும் கூரையும் சாலையும் மழைநீரை மண்ணில் இறங்கவிடாமல் சத்தோடு ஓடைக்குத் தள்ளுகின்றன. பதினொரு வடிகால்களைப் பெருங்குழாயில் இணைக்க ஒரு வாரியமும் ஒரு வாக்கெடுப்பும் போதுமாயிருந்தன. நிலத்திலிருந்து வரும் சத்துக்கு ஒற்றை வடிகால் கிடையாது. மரம் வெட்டும் அனுமதி, மனைப்பிரிவு விதி, மழைநீர்த் தேக்கக் குளம், ஓடைக்கரைப் புதர் என்று ஒவ்வொன்றிலும், கட்டடம் எழும் ஒவ்வொரு முறையும், அதை மறித்தாக வேண்டும்.