ஸெய்த்: பழைய நார்ஸ் மாந்திரீகம்

ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஐஸ்லாந்து, கிரீன்லாந்துக் குடியேற்றங்களிலும் கிறித்தவம் வேரூன்றுவதற்கு முன் வழங்கிய மாந்திரீக முறைகளுள் முதன்மையானது ஸெய்த். வருங்காலம் உரைப்பது, மழையும் விளைச்சலும் வேண்டுவது, எதிரியின் மனத்தைக் கலக்குவது, நோயையும் சாவையும் ஏவுவது என நல்லதற்கும் கெட்டதற்கும் அது பயன்பட்டது. குறி சொல்லும் பெண்ணுக்கு வோல்வா என்று பெயர். கையில் கோல் வைத்திருப்பது அவள் அடையாளம். மந்திரப் பாடலான கால்டரும் ரூன் எழுத்துகளைச் செதுக்கும் வழக்கமும் ஸெய்த்தோடு ஒட்டி வந்தாலும் தனி மரபுகளே.

தெய்வங்களுக்கு இக்கலையைக் கற்பித்தவள் ஃபிரேயா என்றும், அதில் கைதேர்ந்தவன் ஓடின் என்றும் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் (1179–1241) எழுதினார். ஆண் ஒருவன் ஸெய்த் செய்வது ஆண்மைக்கு இழுக்காகக் கருதப்பட்டது. தலைமைத் தெய்வமே அந்த இழிவுக்கு ஆளானது நார்ஸ் புராணத்தின் விசித்திரங்களுள் ஒன்று. நார்வே அரசன் ஹரால்டின் மகன் ரோக்ன்வால்ட் இக்கலையில் இறங்கியதால், அவனையும் மந்திரவாதிகள் 80 பேரையும் வீட்டோடு சேர்த்து உடன்பிறந்தவனே எரித்தான் என்கிறார் ஸ்னோரி. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்றது 1000ஆம் ஆண்டையொட்டி. அவர் எழுதியதோ 200 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. ஸெய்த் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி இப்படிப் பிற்காலக் கிறித்தவர்களின் கைவழி வந்தது.

அவற்றுள் மிக விரிவானது 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செம்முடி எரிக்கின் சாகா என்னும் ஐஸ்லாந்து உரைநடைக் கதை. கிரீன்லாந்தில் பஞ்சம். பஞ்சம் எப்போது தீரும் என்று கேட்க, தோர்க்கெல் என்ற பெருங்குடியானவர் தோர்பியோர்க் என்னும் வோல்வாவை வீட்டுக்கு அழைக்கிறார். விளிம்புவரை கற்கள் பதித்த மேலங்கி, கண்ணாடி மணிமாலை, வெண்பூனைத் தோல் உள்வைத்த கறுப்பு ஆட்டுக்குட்டித் தோல் தொப்பி, பித்தளைக் குமிழ் வைத்த கோல் ஆகியவற்றோடு அவள் வருகிறாள். கோழியிறகு அடைத்த மெத்தையிட்ட உயர்ந்த இருக்கை அவளுக்கு. ஆட்டுப்பாற் கஞ்சியும் பலவகை விலங்குகளின் இதயங்களும் உணவு. அவள் கையிலிருந்த கத்தியின் முனை உடைந்திருந்தது என்பதைக்கூட சாகா விடவில்லை. மறுநாள் ஆவிகளை அழைக்கும் பாட்டுத் தெரிந்தவள் யார் என்று கேட்கிறாள். தெரிந்தவள் குத்ரித் ஒருத்தியே, அவளோ கிறித்தவள். முதலில் மறுத்தவள், தோர்க்கெல் வற்புறுத்தவே பாடுகிறாள். பஞ்சம் விரைவில் நீங்கும் என்று குறி பிறக்கிறது.

கதைக்கு வெளியே சான்று கல்லறைகளில் இருக்கிறது. டென்மார்க்கின் ஃபிர்காட்டில் 10ஆம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியின் கல்லறையில் உலோகக் கோலும், மயக்கம் தரும் குரோசாணி ஓம விதைகளும் கிடைத்தன. ஸ்வீடனின் ஓலாந்துத் தீவில் கிடைத்த 82 செ.மீ. இரும்புக் கோலின் தலையில் சிறு வீடு ஒன்று வார்க்கப்பட்டுள்ளது. நார்வேயின் ஒசெபெர்க் கப்பல் கல்லறையில் (834) கஞ்சா விதையும் இருந்தது. ஆனால் கஞ்சா நார்ப்பயிரும்கூட என்பதால் அதை வைத்து அதிகம் சொல்ல முடியாது.

ஸெய்த்தை ஷாமனியம் எனலாமா என்பது நெடுநாள் வழக்கு. அண்டையில் வாழும் சாமி மக்களின் ஷாமனான நோய்தி, மேளம் அடித்து மெய்மறந்து ஆவியுலகம் செல்பவர். 1935இல் ஆய்வாளர் டாக் ஸ்ட்ரோம்பேக் இரண்டுக்கும் உறவு காட்டினார். தொல்லியலாளர் நீல் பிரைஸ் 2002இல் கல்லறைச் சான்றுகளோடு அக்கருத்தை வலுப்படுத்தினார். எனினும் சாகாக்களில் வோல்வா மேளம் அடிப்பதில்லை. உறவு உண்டு, இரண்டும் ஒன்றல்ல என்பதே பொருத்தமான முடிவு.

கிறித்தவச் சட்டங்கள் மாந்திரீகத்தைத் தடைசெய்தபின் ஸெய்த் மறைந்தது. 17ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் சூனியக் குற்றத்துக்காக எரிக்கப்பட்ட 21 பேரில் ஒருவர் மட்டுமே பெண். அப்போது குற்றமானது குறி சொல்லுதல் அல்ல, மந்திரக் குறிகளும் ஏடுகளும். பழைய நார்ஸ் சமயத்தை மீட்க 1972இல் ஐஸ்லாந்தில் பழஞ்சமயச் சங்கம் பிறந்தது. 1980களின் இறுதியில் எழுத்தாளர் டயானா பாக்ஸன் கலிபோர்னியாவில் தொடங்கிய குழு, தோர்பியோர்க்கின் கதையை அடியொற்றிக் குறி கேட்கும் சடங்கை அமைத்தது. இன்று நடப்பவை நூல்களிலிருந்து மீட்டுக் கட்டியவை. இடையறாத குருமரபு எதுவும் அவற்றுக்கு இல்லை. வைக்கிங் சின்னம் என்று பலர் பச்சை குத்திக்கொள்ளும் வேக்விசிர் திசைகாட்டிக் குறிகூட 1860இல் எழுதப்பட்ட ஐஸ்லாந்து ஏட்டிலிருந்து எடுத்ததே.