கியூசார்ட், எஸ்டிடி::சார்ட்: ஓர் ஒப்பாய்வு

சி மொழியில் ஓர் அணியை வரிசைப்படுத்த நூலகத்திலேயே கியூசார்ட் இருக்கிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் அதே வேலைக்கு எஸ்டிடி::சார்ட். முன்னது யூனிக்ஸ் காலத்திலிருந்து புழங்கி, 1989-இல் சி தரநிலையில் இடம்பெற்றது. பின்னது அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் உருவாக்கிய எஸ்டிஎல் நூலகம் வழியாக 1998 தரநிலைக்குள் வந்தது. வரிசைப்படுத்தும் பொருள் இன்னதென்று ஒன்றுக்குத் தெரியாது, மற்றதற்குத் தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

கியூசார்ட் நான்கு விவரங்களைக் கேட்கிறது: அணி தொடங்கும் முகவரி, உறுப்புகளின் எண்ணிக்கை, ஓர் உறுப்புக்கு எத்தனை பைட், ஒப்பிடும் செயற்கூறு. முகவரி வாய்டு பாயின்டராகப் போவதால், உள்ளே இருப்பது இன்ட்டா, டபுளா, ஸ்ட்ரக்சரா என்று அது அறியாது. சொன்ன அளவுக்குப் பைட்டுகளை இடம் மாற்றும், அவ்வளவே. இதனால் ஒருமுறை கம்பைல் செய்த ஒரே பிரதி எல்லா வகைத் தரவுக்கும் போதும். ஆனால், ஒவ்வொரு ஒப்பீடும் பாயின்டர் வழியான ஓர் அழைப்பு. உறுப்பின் அளவைத் தவறாகக் கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. சரங்களைச் சுட்டும் பாயின்டர்களின் அணியை வரிசைப்படுத்தும்போது புதியவர்கள் இடறுவதும் இங்கேதான்: ஒப்பிடும் செயற்கூற்றுக்கு வந்து சேர்வது சரத்தின் முகவரி அல்ல, அந்த முகவரி இருக்கும் இடத்தின் முகவரி. சரங்களை ஒப்பிடும் ஸ்டிரிங்கம்ப்பை (strcmp) நேராகக் கொடுத்தால் விடை தப்பும்.

எஸ்டிடி::சார்ட் ஒரு டெம்ப்ளேட். ஒவ்வொரு வகைக்கும் கம்பைலர் தனிப் பிரதி எழுதி, ஒப்பீட்டை அதற்குள்ளேயே பதித்துவிடுகிறது. முழு எண்கள் போன்ற சிறு உறுப்புகளில் இதன் வேகம் நன்றாகத் தெரியும். வகை பொருந்தாவிட்டால் நிரல் கம்பைலரைத் தாண்டாது. பைட் பைட்டாக இடம் மாற்றக் கூடாத எஸ்டிடி::ஸ்டிரிங் போன்ற பொருள்களையும் முறைப்படி நகர்த்தும். இதற்குக் கொடுக்கும் விலை, பெருக்கும் நிரல் அளவும் கூடும் கம்பைல் நேரமும்.

வேக உறுதியில் இடைவெளி இன்னும் பெரிது. கியூசார்ட் எந்த முறையைப் பின்பற்ற வேண்டும், எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும் என்று சி தரநிலை எதையும் விதிக்கவில்லை. சில நிமிடங்களில் முடிய வேண்டிய வேலைக்குப் புழக்கத்திலிருந்த கியூசார்ட் மணிக்கணக்கில் ஓடியதைக் கண்டதன் விளைவாகவே ஜான் பென்ட்லியும் டக்ளஸ் மெக்கில்ராயும் அதைத் திருத்தி எழுதி, 1993-இல் கட்டுரையாக்கினார்கள். எந்தக் குவிக்சார்ட் முறையையும் திணறடிக்கும் உள்ளீட்டைத் தயாரிக்கும் வழியை 1999-இல் மெக்கில்ராயே காட்டினார். எஸ்டிடி::சார்ட்டுக்கும் முதலில் இருந்தது சராசரி நேரத்துக்கான உறுதி மட்டுமே. குவிக்சார்ட் தடுமாறும்போது ஹீப்சார்ட்டுக்கு மாறும் இன்ட்ரோசார்ட்டை டேவிட் மஸ்ஸர் 1997-இல் வெளியிட்டார். சி பிளஸ் பிளஸ் 11 முதல், மிக மோசமான உள்ளீட்டிலும் ஒப்பீடுகளின் எண்ணிக்கை என் லாக் என் (என் என்பது உறுப்புகளின் எண்ணிக்கை) வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பது விதி.

சம மதிப்புள்ள உறுப்புகளின் பழைய வரிசையைக் காப்பதாக இரண்டுமே வாக்களிப்பதில்லை. சி பிளஸ் பிளஸ்ஸில் அதற்கென்றே ஸ்டேபிள்_சார்ட் உண்டு. சி-யில் உறுப்பின் பழைய இட எண்ணையும் சேர்த்து நாமே ஒப்பிட வேண்டும். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி நெடுங்காலம் கியூசார்ட்டுக்குள் மெர்ஜ்சார்ட்டைப் பயன்படுத்தியதால், பழைய வரிசை குலையாது என்று பல நிரல்கள் நம்பிவிட்டன. 2023-இல் மேம்பாட்டுப் பணியின்போது அதை நீக்கியவர்கள், இந்த நிரல்களுக்காகவே 2024 ஜனவரியில் திரும்பச் சேர்த்தார்கள்.

ஒப்பிடும் செயற்கூற்றைக் கண்மூடி நம்புவதிலும் இரண்டும் ஒன்று. கியூசார்ட்டுக்கு எதிர்மம், சுழியம், நேர்மம் என்று மூன்று வித விடை வேண்டும். அதற்காக ‘அ - ஆ’ என்று கழித்துத் திருப்பியனுப்பும் பழக்கம் ஆபத்தானது. 32 பிட் இன்ட்டில் -2147483648-லிருந்து 1-ஐக் கழித்தால் விடை கொள்ளாது. வழக்கமாக அது நேர்ம எண்ணாகப் புரண்டு, சிறியது பெரியதாகிவிடும். இப்படி முன்னுக்குப் பின் முரணான ஒப்பீட்டைக் கொடுத்தால் ஜிலிப்சியின் கியூசார்ட் அணிக்கு வெளியே உள்ள நினைவகத்தையும் தொடக்கூடும் என்று குவாலிஸ் நிறுவனம் 2024 ஜனவரியில் எடுத்துக்காட்டியது. எஸ்டிடி::சார்ட் கேட்பது ‘இது அதைவிடச் சிறியதா?’ என்ற ஒரே கேள்விதான். அங்கே < எழுத வேண்டிய இடத்தில் <= எழுதினால், அதுவும் அணியின் எல்லையைத் தாண்டக்கூடும்.

சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதுபவர் கியூசார்ட்டை நாட வேண்டிய காரணம் அநேகமாக இல்லை. சி-யில் எழுதுபவருக்குப் பெரும்பாலான வேலைகளுக்குக் கியூசார்ட்டே போதும். பெரிய எண் அணிகளை ஓயாமல் வரிசைப்படுத்தும் நிரல் என்றால் மட்டும், அந்த வகைக்கென்று தனியாக எழுதிக்கொள்வது லாபம். எப்படியானாலும் கியூசார்ட்டுக்கான ஒப்பீட்டில் ‘அ - ஆ’ என்று கழிப்பதை விட்டுவிட்டு ‘(அ > ஆ) - (அ < ஆ)’ என்று எழுதுங்கள்; மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண், சம எண்கள் மூன்றையும் கொடுத்துச் சோதித்துவிட்டு நிரலை வெளியே விடுங்கள்.