அராக்கும் வேம்பும்

கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய பொட்டிப்புரத்தை நாடறியச் செய்தது, 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நியூட்ரினோ ஆய்வகத் திட்டமும் அதற்கெழுந்த எதிர்ப்புமே. நாம் பேச வந்தது அந்த மலையடிவாரத்தில் கைக்கெட்டும் வேப்பங்குச்சியைப் பற்றி. கம்பம், உத்தமபாளையம் என முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் ஊர்கள் சூழ்ந்த வட்டாரம் இது. வேப்பங்குச்சியால் பல் துலக்கினால் மிஸ்வாக்கின் சுன்னத் நிறைவேறுமா, பொட்டலத்தில் வரும் அராக் குச்சிதான் வேண்டுமா என்ற ஐயம் இன்றும் எழுவதுண்டு.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) இதற்கு எப்போதோ விடை கூறிவிட்டார்கள். அராக் விரும்பத்தக்கது, எனினும் வாயின் மாற்றத்தைப் போக்கும் எதனால் துலக்கினாலும், முரட்டுத் துணியாயினும், சுன்னத் கிடைத்துவிடும்.

அராக் நமக்கு அந்நியமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழில் அதன் பெயர் உகாய். அதன் அடிமரத்தைப் புறாவின் முதுகோடு ஒப்பிடுகிறது குறுந்தொகை. வறண்ட நிலத்திலும் கடலோர உவர்நிலத்திலும் வளரும் மரமாதலால், அது அரபு மண்ணுக்கும் நம் மண்ணுக்கும் பொதுவாயிற்று.

சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2008இல் மிஸ்வாக் துண்டுகளைப் பாக்டீரியாக்கள் வளரும் தட்டின்மேல், தொடாதபடி, தொங்கவிட்டுப் பார்த்தனர். அப்போதும் ஈறு நோய்க்குரிய கிருமிகள் ஒடுங்கின. ஆவியாகப் பரவும் ஏதோவொன்று வேலை செய்திருக்க வேண்டுமல்லவா? அது பென்சைல் ஐசோதயோசயனேட் என 2011இல் கண்டறிந்தனர். கடுகின் காரத்துக்குக் காரணமான சேர்மத்தின் உறவு அது. ஆனால் பற்சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் மீது மிஸ்வாக்கின் ஆற்றல் குறைவாகவே இருந்தது. மிஸ்வாக்கைப் புகழ்வோர் இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. எளிதில் ஆவியாகும் பொருளாதலால், நெடுநாள் உலர்ந்த குச்சியைவிடப் பசுங்குச்சியே மேலானதாக இருக்கும் எனவும் நாம் கருதலாம்.

வேம்பின் வழி வேறு. 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வேப்பங்குச்சிச் சாறு அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்துக் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. ஆனால் உமிழ்நீர் படிந்த, பல்லின் மேற்பூச்சை ஒத்த தாதுப் பரப்பில் அவை ஒட்டிக்கொள்வதையும், பசைப்பொருளை உண்டாக்குவதையும் கணிசமாகக் குறைத்தது. கிருமியைக் கொல்லாமலே குடியேறவிடாமல் செய்கிறது வேம்பு. இரண்டும் ஆய்வகத் தட்டில் கண்டவை. வாயினுள் குச்சியின் நார் தேய்க்கும் தேய்ப்பும் சேர்ந்தே வேலை செய்கிறது.