தபாலில் வந்த பட்டப்படிப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். அதே ஊரில் 1875-லேயே ஒரு பொது நூலகம் தொடங்கிவிட்டது. அன்று ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கலெக்டர் பென்னிங்டன் பெயரில் எழுந்த அந்த நூலகம் தமிழ்நாட்டின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாதவருக்கும் உட்கார்ந்து படிக்க ஒரு மேசை கிடைத்தது. இந்த வட்டாரத்தின் தொலைநிலைக் கல்வியைப் பற்றிப் பேச அந்த மேசையிலிருந்து தொடங்குவதே முறை.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் உருவானது. 1971-இல் அது அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் ராஜூக்கள் கல்லூரி இன்னும் பிறக்கவில்லை. அது வந்தது 1973-இல். வேலையில் சேர்ந்துவிட்ட பள்ளி ஆசிரியர், மில்லில் ஷிப்ட் பார்ப்பவர், கல்யாணத்தோடு படிப்பை நிறுத்திய பெண் ஆகியோருக்கெல்லாம் 'கரஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இந்த அஞ்சல்வழிப் படிப்பு ஒரு கதவைத் திறந்துவிட்டது. வேலையை விடாமல், ஊரை விட்டுப் போகாமல் பி.ஏ. முடிக்கலாம் என்பது அந்தக் குடும்பங்களுக்குச் சாதாரண விஷயமல்ல.

பாடங்கள் கட்டாகத் தபாலில் வரும். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூக்கக் கண்ணோடு பொருளாதாரப் பாடத்தைப் பிரித்தால், மூன்றாம் பக்கத்தில் ஒரு வரைபடம் புரியாது. கேட்க ஆள் கிடையாது. விடுமுறை நாட்களில் நடக்கும் தொடர்பு வகுப்புதான் ஒரே வாய்ப்பு. அங்கே பேராசிரியர் பல மாதப் பாடத்தைச் சில மணி நேரத்தில் ஓட்டியாக வேண்டும். ஆனால் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர் தன் நோட்டைக் கொடுப்பார், விலாசம் வாங்கிக்கொள்வார்கள், பரீட்சைக்கு முன் சேர்ந்து படிப்பார்கள். அந்தக் கூட்டுறவு பலரைக் கரையேற்றியது. தனியாக மாட்டிக்கொண்டவர்கள் அரியர் வைத்து, கட்டணம் கட்டிக் கட்டிச் சலித்து விட்டுவிட்டார்கள்.

அதே 1971 ஜனவரியில் பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. தபாலோடு வானொலியும் தொலைக்காட்சியும் சேர்ந்தன. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டியூட்டர் இருந்தார். அனுப்பிய விடைத்தாளை அவர் திருத்தி, குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். நம் பக்கம் அப்படிக் கவனிக்க ஆளில்லாமல் ஆண்டிறுதித் தேர்வே எல்லாமாக இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக நாம் சரிசெய்யாத குறை இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

இணையம் வந்த பிறகும் அந்தக் குறை கூடவே வந்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-13-இல் நடத்திய முதல் இலவச இணையப் படிப்புகளில் 8,41,687 பதிவுகள். சான்றிதழ் வரை போனவை 43,196 மட்டுமே. நம் ஐ.ஐ.டி.கள் நடத்தும் நெப்டெல் (NPTEL) இணையப் படிப்புத் திட்டம் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது போலத்தான் தெரிகிறது. அங்கே வாரம் ஒரு அசைன்மென்ட், அதற்குக் கடைசித் தேதி. அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. கல்லூரிகளில் 'லோக்கல் சாப்டர்' அமைத்து, ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குகிறார்கள். திங்கட்கிழமை வகுப்பில் "அசைன்மென்ட் போட்டாச்சா?" என்று கேட்க ஒருவர் இருந்தாலே பாதிப் பேர் முடித்துவிடுவார்கள்.

2020 ஊரடங்கு எல்லோரையும் ஒரே நாளில் கரஸ் மாணவராக்கியது. கிருஷ்ணன்கோயில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், ராஜபாளையம் ராம்கோ இன்ஸ்டிடியூட் போன்ற பொறியியல் நிறுவனங்கள் இருக்கும் வட்டாரம் இது. ஆனாலும் வீட்டில் ஒரே போன், அதற்கும் ரீசார்ஜ் பிரச்சினை என்ற மாணவர்களுக்கு நல்ல வீடியோ இருந்து என்ன பயன்? தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா கொடுத்தது 2021 ஜனவரியில்தான். ஆன்லைன் வகுப்பு தொடங்கிப் பல மாதம் கழிந்திருந்தது.

2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெளியிட்ட, வகுப்பறையையும் இணையத்தையும் சேர்க்கும் கலப்புமுறைக் கல்வி வரைவு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையத்தில் நடத்தலாம் என்றது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கலப்புமுறையை நடத்துகிற கல்லூரிகள், மில் வேலைக்கோ கடைக்கோ போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைகளுக்காக மாலையில் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வைத்து, சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியரையும் உட்கார வைக்கலாம். அந்த ஆசிரியரின் மாலை நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் தர வேண்டும்.