ஜனதா பெரும்பான்மை (1977–1979)

நெருக்கடி நிலைக்குப் பின் 1977 மார்ச்சில் நடந்த மக்களவைத் தேர்தலில் ஜனதா கட்சி பெற்ற பெரும்பான்மையையும், அதைக் கொண்டு இருபத்தெட்டு மாதங்கள் நடந்த சட்டமியற்றலையும் இது குறிக்கும். சுதந்திர இந்தியாவில் மத்தியில் காங்கிரஸ் அல்லாத ஆட்சி அமைந்தது அதுவே முதல் முறை.

ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம், பாரதிய லோக் தளம், சோஷலிஸ்ட் கட்சி ஆகிய நான்கும் சேர்ந்து, பெரும்பாலும் லோக் தளத்தின் ஏர் உழவன் சின்னத்தில் நின்றன. 295 இடங்கள் கிடைத்தன, காங்கிரசுக்கு 154. மார்ச் 24-இல் அரசு பதவியேற்றது; நான்கும் முறைப்படி ஒரே கட்சியானது மே 1-இல். மொரார்ஜி தேசாய், சரண் சிங், ஜெகஜீவன் ராம் மூவருமே பிரதமர் பதவிக்கு உரிமை கோரக்கூடியவர்கள். உறுப்பினர்களை வாக்களிக்கவிடாமல், ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஆச்சார்ய கிருபளானியும் கலந்து பேசி மொரார்ஜியை அறிவித்தார்கள். அன்றைக்கு அது சச்சரவைத் தவிர்த்தது. ஆனால் தோற்றவர் தோல்வியை ஏற்கும் வழக்கம் அந்தக் கட்சியில் வேர்விடவே இல்லை.

வெளியே இருந்த தடை மாநிலங்களவை. நெருக்கடி நிலையில் வந்த 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை மாற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மாநிலங்களவையிலோ காங்கிரஸ் வலுவாக இருந்தது. காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநிலங்களின் சட்டமன்றங்களை 1977 ஏப்ரல் இறுதியில் அரசு கலைத்தது. அவற்றில் வென்றால் காலப்போக்கில் மாநிலங்களவையின் கணக்கும் மாறும். உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. எனினும், எதேச்சாதிகாரத்தை எதிர்த்து வந்த ஆட்சி, தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றங்களைக் கூண்டோடு கலைத்தது தவறான முன்மாதிரிதான். 1980-இல் இந்திரா காந்தி அதே வழியில் ஒன்பது சட்டமன்றங்களைக் கலைத்தார்.

சாதாரண மசோதாவுக்கு வேறு வழி இருந்தது. வங்கிப் பணியாளர் தேர்வாணையத்தை நீக்கும் மசோதாவை மாநிலங்களவை நிராகரித்தபோது, 1978 மே 16-இல் இரு அவைகளும் ஒன்றாக அமர்ந்து அதை நிறைவேற்றின. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது. அங்கே எதிர்க்கட்சியோடு பேசித்தான் ஆக வேண்டும்.

சட்ட அமைச்சர் சாந்தி பூஷண் கொண்டுவந்த 44-ஆவது திருத்தம் அப்படிப் பேசிப் பேசி உருவானது. 1978 ஜனவரியில் காங்கிரஸ் பிளந்தது உதவியது. மாநிலங்களவை ஐந்து பிரிவுகளை நீக்கியது; அடிப்படையான சில திருத்தங்களுக்கு மக்களின் வாக்கெடுப்பு வேண்டும் என்ற பிரிவும் அதில் போயிற்று. மிச்சத்தை மக்களவை ஏற்றுக்கொண்டது. அந்த மிச்சமே பெரிது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொல் போய் ‘ஆயுதக் கிளர்ச்சி’ வந்தது. அமைச்சரவை எழுத்தில் கேட்டால்தான் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம். அறிவித்த பிறகும் உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமையை நிறுத்திவைக்க முடியாது. 1975 ஜூன் 25 இரவு அமைச்சரவையைக் கூட்டாமலே அறிவிப்பில் கையெழுத்தானதை நினைத்துப் பார்த்தால், ‘எழுத்தில்’ என்ற ஒற்றைச் சொல்லின் எடை விளங்கும்.

எதிர்க்கட்சியோடு பேசித் தீர்த்தவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கவில்லை. நெருக்கடி நிலைக்காக இந்திரா மீது எடுக்கும் நடவடிக்கையில் அரசு துணிவற்றிருக்கிறது என்று வெளிப்படையாகச் சாடிய சரண் சிங், 1978 ஜூனில் அமைச்சரவையிலிருந்து வெளியேற நேர்ந்தது. 1979 ஜனவரியில் துணைப் பிரதமராகவும் நிதி அமைச்சராகவும் திரும்பினார். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஹரியாணாவிலும் அவர் பக்கத்து முதல்வர்கள் அடுத்தடுத்துப் பதவி இழந்தார்கள். ஜனசங்கத்திலிருந்து வந்தவர்கள் ஆர்.எஸ்.எஸ். தொடர்பைத் துறக்க வேண்டும் என்று மது லிமாயே போன்ற சோஷலிஸ்டுகள் வலியுறுத்தினார்கள். கட்சித் தாவலைத் தடுக்க 1978 ஆகஸ்டில் அரசு கொண்டுவர முயன்ற மசோதாவை ஆளுங்கட்சியினரே எதிர்த்ததால், அது அறிமுக நிலையிலேயே நின்றுபோனது.

1979 ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவர் ஒய்.பி. சவான் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். அரசை ஆதரித்து அவையில் முழங்கிய அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சில நாளிலேயே பதவி விலகினார். வாக்கெடுப்புக்கு முன், ஜூலை 15-இல், மொரார்ஜியும் விலகினார். அடுத்து வந்த சரண் சிங், மக்களவையைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20-இல் பதவி துறந்தார். 1980 தேர்தலில் ஜனதாவுக்குக் கிடைத்தவை 31 இடங்கள்.

விசாரணையின்றிச் சிறையில் வைப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் பிரிவு ஒன்றும் 44-ஆவது திருத்தத்தில் இருந்தது. அதற்கு நடைமுறைத் தேதி குறிக்கும் முன் ஆட்சி போயிற்று. பின்வந்த எந்த அரசும் குறிக்கவில்லை.