சேவல் இட்ட முட்டை

ரைன் நதி தீரத்திலுள்ள பாஸல் நகரத்தில், 1474ஆம் ஆண்டில், முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவல் நியாயஸ்தலத்தின் தீர்ப்புக்கு உள்ளாகி, மரண தண்டனை விதிக்கப்பெற்று, நகரை அடுத்த கோலன்பெர்க் என்னும் மேட்டில், பெருந்திரளான ஜனங்கள் பார்த்து நிற்க, அந்த முட்டையோடு சேர்த்து எரிக்கப்பட்டது. அச்சுக்கலை அடியெடுத்து வைத்த ஊர் அது. சர்வகலாசாலை தோன்றியும் 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகையால், கல்வி வாசனையற்ற ஜனங்களின் மூடச்செயல் என்று இச்சம்பவத்தை ஒதுக்கிவிடுவதற்கில்லை. மூப்படைந்த சேவல் இடும் முட்டையைத் தேரையோ சர்ப்பமோ அடைகாக்குமாயின், பார்வையாலேயே உயிர்களை மாய்க்கவல்ல பாசிலிஸ்க் என்னும் கொடிய ஜந்து அதிலிருந்து பிறக்கும் என்று ஐரோப்பிய பண்டிதர்களும் பாமரர்களும் ஒருங்கே நம்பியிருந்த காலம் அது. அந்தப் பயமே விறகடுக்கித் தீ மூட்டியது.

இந்தப் பயத்துக்கு மூலமாக இருந்த பொருளை, வீட்டில் நாலு கோழி வளர்த்தவர் யாரும் என்றேனும் ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். சாதாரண முட்டையில் பாதியளவும் இராமல், ஓடு மட்டும் செவ்வையாக அமைந்து, உடைத்தால் மஞ்சட்கருவின்றி வெள்ளைக்கரு மாத்திரமே காணப்படும் சிற்றுருவம் அது. எந்தக் கோழிக்கும் பொருந்தாத அம்முட்டையைக் கண்டவர்கள், இது பெட்டைக்கு உரியதன்று என்று துணிந்து, அருகே நின்ற சேவலின் மேல் பழியைச் சுமத்தினார்கள்.

அந்தப் பழியைத் துடைத்தவர் பிரான்ஸ் தேசத்து மான்பெலியே நகரத்தவரும், பிற்காலத்தில் பதினைந்தாம் லூயி மன்னருக்குத் தலைமை ரணசிகிச்சை நிபுணராக விளங்கியவருமான பிரான்ஸுவா லபெய்ரோனி. குடியானவன் ஒருவன், சேவல் இட்டவை என்று உறுதிகூறி, சில சிறு முட்டைகளை அவரிடம் கொண்டுவந்தான். அவற்றை உடைத்துப் பார்த்தபோது மஞ்சட்கரு இருக்கவேண்டிய இடத்தில் சிறு பாம்பு சுருண்டு கிடப்பதுபோன்ற ஒரு திரட்சி தென்பட்டது. பாசிலிஸ்க்கை நம்பியவருக்கு இதைக் காட்டிலும் பிரத்தியட்சப் பிரமாணம் வேறு வேண்டியதில்லை. லபெய்ரோனியோ திகைத்துப் பின்வாங்காமல் அந்தச் சேவலை அறுத்துச் சோதித்தார். முட்டை உண்டாவதற்கு வேண்டிய அவயவம் எதுவும் அதன் உடலில் இல்லை. சேவல் மாண்ட பின்னரும் அவ்வீட்டில் சிறு முட்டைகள் கிடைத்துக்கொண்டே இருந்தமையால், கோழிகளைக் கவனித்து வந்ததில், தொண்டை கம்மிய சேவலைப் போலக் கூவிய ஒரு பெட்டையே அவற்றை இட்டது என்பது தெரியவந்தது. அதன் உடலைத் திறந்து பார்த்தபோது, முஷ்டிப் பருமனுள்ள நீர்க்கட்டி ஒன்று முட்டைக்குழாயை அழுத்தி நெருக்கிக்கொண்டிருந்தது. இந்த விவரம் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் 1710ஆம் ஆண்டு வெளியீட்டில் இடம்பெற்றது. பாஸலில் எரித்தவர்களும் கண்ணால் முட்டையைக் கண்டவர்களே. ஆயினும் முட்டையிலிருந்து கோழியின் சரீரத்துக்குள் நோக்கத்தைச் செலுத்திய இந்த ஒரு மனிதரின் பொறுமையே எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது.

அவர் கண்ட கட்டி அழுத்திய குழாயின் அமைப்பை அறிந்தால் இது விளங்கும். கோழிக்கு இடப்பக்கத்துச் சூலகமும் அதைச் சேர்ந்த குழாயுமே வளர்ச்சியடைகின்றன. வலப்பக்கத்தவை வளராமல் நின்றுவிடுகின்றன. சூலகத்திலிருந்து விடுபட்ட மஞ்சட்கரு குழாயின் வாயில் புகுந்து, வழியில் வெள்ளைக்கருவையும் சவ்வையும் போர்த்துக்கொண்டு, ஓடு கட்டும் அறையில் மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம் தங்கி, ஆக 25 மணி நேரத்துக்குப் பின் வெளிவருகிறது. இந்த ஒற்றைப் பாதையில் எங்கே தடை நேர்ந்தாலும் அதன் அடையாளம் முட்டையிலோ கோழியின் நிலையிலோ தோன்றிவிடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் தோல்முட்டை விழும். முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் கோழி இறகைச் சிலிர்த்து, வாலைத் தாழ்த்தி, இரை எடாமல், இடும் இடத்துக்குப் போவதும் வருவதுமாக முக்கிக்கொண்டிருக்கும். அப்போது இளஞ்சூடான நீரில் அதன் பின்புறம் நனையும்படி சிறிது நேரம் நிறுத்தி, ஈரம் துவட்டி, கதகதப்பான இருட்டறையில் விடுவது நன்மை தரும். அதற்கும் முட்டை வெளிவராவிடில் தாமதமின்றி கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வயிற்றை அமுக்கி முட்டையைப் பிதுக்க முயல்வதோ உயிருக்கே ஆபத்து, ஏனெனில் உள்ளே ஓடு உடைந்தால் குழாய் கிழிந்துபோகும். புதிதாக முட்டையிடத் தொடங்கிய இளம் பெட்டை என்றோ ஒரு நாள் இடும் சிறு முட்டையைப் பற்றிக் கவலையுறத் தேவையில்லை.

லபெய்ரோனி கண்ட பெட்டை ஏன் கூவியது என்ற கேள்வி மாத்திரம் எஞ்சி நின்றது. பெட்டைக்குரிய இறகையும் நடத்தையையும் தருவது சூலகத்தில் ஊறும் நீரே. நோயினால் சூலகம் நலியுமாயின் கொண்டை பெருக்கும், குரல் மாறும், இறகும் சேவலுடையதாகிவிடும். எடின்பரோவில் பிரான்சிஸ் குரூ என்பார், முன்னர் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த கோழி ஒன்று, சூலகம் நோயால் அழிந்தபின் சேவலாகி, குஞ்சுகளுக்குத் தகப்பனுமான விந்தையை 1923இல் வெளியிட்டார். பாஸல் நகரத்தார் எரித்ததும் இத்தகைய வயது முதிர்ந்த பெட்டையாகவே இருந்திருக்கக்கூடும்.

நம் கிராமங்களிலும், பெட்டைக்கோழி கூவினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அன்றைக்கே அதை அறுத்துவிடும் வழக்கம் உண்டு. கூவும் பெட்டையைத் தனியே ஒரு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, முட்டை இடுகிறதா, அடிவயிறு வீங்கியிருக்கிறதா, எச்சம் எந்த நிறத்தில் போகிறது என்று நாலைந்து நாள் பார்த்து வந்தால், அதன் உடம்பில் நோய் ஏதும் உண்டா என்பதற்கு அடையாளம் தெரியவரக்கூடும்.